அந்தக் கரை மரைகளுக்கு அரைப்பேர்

சந்திரிகா அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடக்கூடாது. அனுபவப்பட்டவன் சொல்கிறேன். அவருடைய கண் அவருடைய தட்டில் இருக்காது. யாருடைய தட்டில் என்ன குறைகிறது என்று சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தவருக்குத் தன்னுடையதை எடுத்து வைப்பார். அதோடு நின்றால் நல்ல மனுஷி என்று சொல்லிவிட்டுப் போகலாம். தன்னுடையது தீர்ந்துபோனால் பக்கத்தில் இருப்பவனுடையதை எடுத்து வைப்பார். தெல்தெனிய சாப்பாட்டுக் கடையொன்றில், கடைசியில் ருசித்துச் சாப்பிடலாம் என்று நான் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த மீன் பொரியல், முன்பின் தெரியாத ஒரு லொறி டிரைவரின் சோற்றுக்கு மேல் போய் விழுந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

"அவருக்கு வாலுத் துண்டுதாங்க விழுந்திருந்திச்சு," என்றார் அக்கா. எனக்கு என்ன மிச்சம் என்று கேட்கவில்லை.

நான் கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயாக்காரன். பெயர் ஸிபான், சின்னவர்களுக்கு நானா, அதாவது அண்ணன். வான் ஓட்டுகிறேன். கல்யாணத்துக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், விமான நிலையத்துக்கு அழுதுகொண்டு போகிறவர்கள், எல்லாரையும் ஏற்றியிருக்கிறேன். மரைப் புழுக்கையை ஏற்றுவேன் என்று நினைத்ததில்லை. மரை என்றால் மான் இனத்தில் பெரியது, ஒரு சின்னக் குதிரை உயரம் நிற்கும். அது காட்டில் போட்டுவிட்டுப் போவதை இரண்டு பெண்கள் பொறுக்கிவர, நான் ஜன்னலையெல்லாம் திறந்து போட்டுத் தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டினேன். ஒரு பருவம் முழுக்க இதுதான் என் பிழைப்பு.

இந்த வேலைக்கு எங்களைப் பிடித்தவர் யசோதினி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கண்டியில் அறை எடுத்துத் தங்கிப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். முதல் நாளே வானில் வைத்து எங்களுக்குப் பாடம் நடத்தினார். தெல்தெனியவுக்குக் கீழே ஆற்றை மறித்து அணை கட்டி நாற்பது வருடமாகிறது. அதற்கு முன் மரைகள் ஆற்றைத் தாண்டி இங்கும் அங்கும் போய்வந்தன. இப்போது நடுவில் கடல் மாதிரித் தண்ணீர்.

"இந்தக் கரையில நிக்கிற மரையும் அந்தக் கரையில நிக்கிற மரையும் இன்னும் ஒரே கூட்டமோ, இல்லாட்டிப் பிரிஞ்சு வேறயாப் போட்டுதோ எண்டதுதான் என்ர கேள்வி," என்றார் யசோதினி.

"அத மரைகிட்டத்தான் கேக்கணும்," என்றேன்.

"ஓம். புழுக்கையில கேக்கலாம்."

புழுக்கை வெளியே வரும்போது மரையின் குடலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வருமாம். அதிலிருக்கும் மரபணுவைப் படித்தால் அது எந்த மரை, அதன் சொந்தபந்தம் யார், எந்தக் கூட்டம் என்று எல்லாம் தெரிந்துவிடுமாம். ஊர்க் குடும்பங்களின் கணக்கு வைத்திருக்கும் கிராம சேவகருக்குக்கூட அவ்வளவு தெரியாது. இந்தப் பருவத்துக்குள் முடிக்காவிட்டால் யசோதினிக்குப் பட்டம் இல்லை. தவணை ஏற்கெனவே நீட்டிக் கொடுத்தாகிவிட்டது, இனி நீட்ட ஏலாது என்று பேராசிரியை சொல்லிவிட்டாராம். இதை அந்தப் பிள்ளை தினமும் வானில் ஏறியவுடன் ஒரு தடவை சொல்லும், இறங்கும்போது ஒரு தடவை சொல்லும். கேட்டுக் கேட்டு எனக்கே பரீட்சைப் பயம் வந்துவிட்டது.

ஒழுங்கு இதுதான். காலையில் கண்டியில் யசோதினியை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்து, தெல்தெனிய பஸ் நிலையத்தில் சந்திரிகா அக்காவையும் அபீபாவையும் பின்சீட்டில் ஏற்றுவேன். அக்காவை இந்தக் கரைக் காட்டில் இறக்கிவிட்டு, சுற்றிக்கொண்டு போய் அபீபாவை அந்தக் கரையில் இறக்குவேன். பின்னேரம் அக்காவை முதலில் ஏற்றி, பிறகு அபீபாவை ஏற்றித் திரும்பி வருவோம். ஆளுக்கு ஒரு பை, பை நிறையச் சின்னக் குப்பிகள். அக்காவுடைய குப்பிக்கு நீல மூடி, அபீபாவுடையதற்குச் சிவப்பு மூடி. ஒரு குவியலுக்கு ஒரு குப்பி, குப்பிக்கு நாலைந்து புழுக்கை.

அபீபா தெல்தெனிய கடைவீதிக்குப் பின்னால் தையல் வேலை செய்துகொண்டிருந்தவர். காட்டுக்குப் புதிது. அட்டைக்குப் பயந்து கால்சட்டையைக் காலுறைக்குள் செருகி, அதற்கு மேல் அபாயா போட்டு, அதற்கு மேல் மழைக்கோட்டும் போட்டு நடப்பார். நடந்த களைப்போ என்னவோ, திரும்பி வரும்போது வான் அசைந்ததும் தூங்கிவிடுவார். கண்டி வீதி வளைவுகளில் தலை ஜன்னலில் டங்கு டங்கென்று இடிக்கும். எழும்ப மாட்டார்.

சந்திரிகா அக்கா வேறு ரகம். தெல்தெனியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, முழங்கால் மக்கர் செய்த பிறகு மலையை விட்டு இறங்கியவர். தோட்டத்தில் ஒரு நாளைக்கு இவ்வளவு பறிக்கவேண்டும் என்று அளவு உண்டு. நிறுவையில் அந்த அளவு வந்தால் முழுப்பேர் விழும். வராவிட்டால் அரைப்பேர். அரைப்பேர் என்றால் கூலி பாதி, அவமானம் முழுசு. பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடி வந்தவள், காய்ச்சலோடு மலையேறியவள், புதுசாகக் கல்யாணம் முடித்து வந்து கை பழகாதவள், இப்படி யாருக்காவது தினமும் குறையும். நிறுவைக்கு முன்னால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பிடி அள்ளி அவள் கூடையில் போட்டுவிடுவார்கள். கணக்கப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போதே போடவேண்டும், அவருக்குத் தெரியவும் கூடாது. இதில் சந்திரிகா அக்காவை மிஞ்ச அந்த மலையில் ஆள் கிடையாது. முந்தானையைச் சரிசெய்கிற மாதிரித் திரும்புவார், திரும்பி நிற்கும்போது வேறொருத்தியின் கூடை கனத்திருக்கும். அவர் வேலையை விட்ட அன்றைக்கு மூன்று டிவிஷன் பெண்கள் அழுதார்கள் என்று சொல்வார். இது கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம்.

குப்பிகள் ஆய்வுகூடத்துக்குப் போயின. முடிவு வந்த அன்று யசோதினி பல்கலைக்கழகப் படிகளில் ஓடி வந்து என் வானின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஸிபான் நானா, அதுகள் பிரியேல்ல. ஒரே கூட்டம். கூட்டம் எண்டில்லை, ஒரே மரைதான். சந்திரிகாக்கான்ர குப்பியில இருக்கிற அதே மரை, அதே நாள், அபீபாக்கான்ர குப்பியிலயும் இருக்கு."

"அது எப்பிடி ஏலும்?"

"நீந்துது. காலமை இந்தக் கரையில சாப்பிட்டிட்டு, தண்ணியில இறங்கி, மத்தியானம் அந்தக் கரைக்குப் போகுது. ஒண்டு ரெண்டில்லை, கனக்க மரை."

அரசாங்க உத்தியோகத்தர்கூட இவ்வளவு ஒழுங்காகப் போய்வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பேராசிரியை மகிழ்ந்துபோனார். வெளிநாட்டவர்களும் வருகிற ஒரு பெரிய கூட்டத்தில் இதைச் சொல்லலாம், மரை நீந்துவதை மட்டும் ஒரு வீடியோ எடுத்து வா என்றார்.

ஆகவே நாங்கள் நீர்த்தேக்கக் கரையில் போய்க் குந்தினோம். யசோதினியிடம் கமெரா, என்னிடம் தொலைநோக்கி, அபீபாவிடம் குடை, சந்திரிகா அக்காவிடம் ரொட்டியும் சம்பலும். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு எருமை வந்து குளித்துவிட்டுப் போனது. இரண்டு நீர்க்காகம் வந்தன. ஒரு நாள் தண்ணீரில் கொம்பும் தலையுமாக ஏதோ மெல்ல மிதந்து வர, யசோதினி மூச்சைப் பிடித்துக்கொண்டு கை வலிக்க வலிக்கப் படம் எடுத்தார். கரைக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் அது கிளையோடு கூடிய மரக்கட்டை என்று தெரிந்தது. நான் முதலிலேயே சொன்னேன். டிரைவர் சொல்லை யார் கேட்கிறார்கள்?

"அது வரும் மிஸ்," என்று தைரியம் சொன்னார் சந்திரிகா அக்கா. "தெனமும் போற மரை, இன்னிக்கி லீவு போட்டிருக்கும்."

அவர் அதை முழு மனதோடு நம்பினார். எனக்கு இன்றைக்கும் ஆற மாட்டாத விஷயம் அதுதான்.

நாள் போகப் போக யசோதினியின் முகம் வாடியது. கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு பின்னேரம் கமெராவை மடியில் வைத்துக்கொண்டு, எங்களுக்குச் சொல்வது போலத் தனக்கே சொல்லிக்கொண்டார்.

"நீந்தாமல் எப்பிடி? அதே மரையின்ர புழுக்கை சிவப்பு மூடிக் குப்பிக்குள்ளயும் இருக்கெல்லோ."

"அது இருக்கத்தானே மிஸ் செய்யும்," என்றார் சந்திரிகா அக்கா, ரொட்டியைப் பிய்த்தபடி. "நாந்தானே போட்டேன்."

தண்ணீரில் கிடந்த எருமை மட்டும் மூச்சுவிட்டது. மற்ற யாரும் விடவில்லை.

"என்ன போட்டனீங்கள்?" என்றார் யசோதினி.

"அந்தப் புள்ளைக்கி தெனமும் கொறைஞ்சிக்கிட்டே இருந்திச்சு மிஸ். பாதிக் குப்பி காலி. எனக்கு ஒரு குவியல்ல கை நெறைய கெடைக்கும், நாலஞ்சு போதும்னீங்க, மிச்சத்த எதுக்கு விட்டுட்டு வரணும்? பைல கட்டிக்கிட்டு வந்து, அது தூங்கறப்ப அது குப்பில போட்டுருவேன். இல்லாட்டி அரைப்பேரு விழுந்திருமே."

அபீபா வாயைத் திறந்தபடி இருந்தார். அவருக்கும் அப்போதுதான் தெரியும். வானில் ஏறும்போது காலியாக இருந்த குப்பிகள் இறங்கும்போது நிறைந்திருப்பதை அவர் கவனிக்காமல் இல்லை. அது பரக்கத் என்று நினைத்திருந்தார். இறைவன் தரும் பெருக்கத்தைப் பற்றி வெளியே பேசினால் நின்றுபோகும் என்று யாரிடமும் சொல்லாமல், வீட்டில் போய் இரண்டு ரக்அத் தொழுதிருக்கிறார்.

"அப்ப அது அக்காட கையா?" என்றார் மெதுவாக.

யசோதினி புல்லில் உட்கார்ந்துவிட்டார். "அபீபாக்காவுக்கு அரைப்பேர் போட நான் என்ன தோட்டத்துத் துரையோ? எத்தினை குப்பி கொண்டுவந்தாலும் ஒரே சம்பளம்தானே."

"அத நீங்க சொல்லலீங்களே மிஸ்."

"வெறும் குப்பி வந்தாலும் அதுவும் ஒரு பதில்தான் அக்கா. அங்க இல்லை எண்டுற பதில். நீங்கள் அதை நிரப்பிப் போட்டீங்கள்." சொல்லிக்கொண்டே அழுதார். பட்டம் போயிற்று என்று அந்த அழுகையிலேயே தெரிந்தது.

எனக்கு அக்கா மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. மீன் பொரியலுக்கும் சேர்த்து வந்த கோபம் அது. ஆனால் திரும்பிப் பார்த்தால் அவரும் அழுதுகொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்க எந்தக் கையால் ஆட்களைக் காப்பாற்றினாரோ அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து அழுதார். திட்டுவதற்கு எடுத்த வார்த்தையை நான் விழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் அக்கா திருவிழாச் சேலையை உடுத்திக்கொண்டு வந்து நின்றார். "பெரிய மிஸ்ஸ பாக்கணும். புள்ள மேல பழி வரக்கூடாது," என்றார். யசோதினி வேண்டாம் என்றார், கேட்கவில்லை. மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு போனேன். பேராசிரியை கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது என்பதால் அக்கா தோட்டத்துச் சிங்களத்தில் கொழுந்து, கூடை, கணக்கப்பிள்ளை, பால் குடிக்கிற பிள்ளை என்று தொடங்கினார். பேராசிரியைக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அக்கா விடவில்லை. மேசையிலிருந்த பிஸ்கட் தட்டை இழுத்து, பேராசிரியையின் பக்கம் நாலு, யசோதினியின் பக்கம் ஒன்று என்று வைத்தார்.

"இப்ப அந்தப் பக்கம் பாருங்க," என்று ஜன்னலைக் காட்டினார். பேராசிரியை திரும்பிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியபோது யசோதினியின் பக்கம் மூன்று பிஸ்கட் இருந்தது. பேராசிரியை தன் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னொரு தடவை செய்யச் சொன்னார். கண்கொட்டாமல் பார்த்தும் பிடிக்க முடியவில்லை. மூன்றாவது தடவை சிரித்துவிட்டார்.

கூட்டத்தில் பேசுவது ரத்து. ஆனால் தண்ணீரில் மரக்கட்டையைப் படம் பிடித்த இவளைவிட, தப்பைத் தானே வந்து சொன்ன இந்த அம்மா மேல் எனக்குக் கூடுதல் நம்பிக்கை இருக்கிறது என்று சொல்லி, யசோதினிக்குக் கடைசியாக ஒரே ஒரு பருவம் தவணை தந்தார். இந்தத் தடவையும் பிழைத்தால் ஊருக்குப் போகவேண்டியதுதான் என்பதையும் சிரித்த முகத்தோடே சொன்னார்.

மறுபடி பொறுக்கினோம். நான் ஓட்டிய ஓட்டங்களிலேயே கஷ்டமானது அது. பின்சீட்டில் அபீபா தூங்குவார், மடியில் காலிக் குப்பிகள் கலகலவென்று சத்தம் போடும். பக்கத்தில் சந்திரிகா அக்கா இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டு வருவார். கண்ணாடியில் பார்ப்பேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பார். வளைவில் வான் சாய்ந்தால் பிடித்துக்கொள்ளக் கையில்லாமல் அபீபாவின் மேல் போய் விழுவார், விழுந்தாலும் கையை வெளியே எடுக்க மாட்டார்.

"மிஸ், அள்ளிப் போடக்கூடாது, சரி," என்றார் ஒரு நாள். "கூடப் போய்த் தேடிக் குடுக்கலாமா?"

யசோதினி யோசித்துவிட்டு அதில் பிழையில்லை என்றார். அன்றிலிருந்து அக்கா இந்தக் கரை வேலையை விடியற்காலையிலேயே முடித்துவிட்டு, அந்த முழங்காலை இழுத்துக்கொண்டு அந்தக் கரையிலும் ஏறினார். பற்றைக்குள்ளே குனிந்து, பாறைக்குப் பின்னால் படுத்து, அபீபாவின் மழைக்கோட்டைப் பிடித்துத் தொங்கி, இண்டு இடுக்கெல்லாம் தேடினார். கிடைத்தது கொஞ்சம்தான். சிவப்புக் குப்பிகளில் பாதி காலியாகவே ஆய்வுகூடம் போயின. அவற்றை இறக்கும்போது அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்தத் தடவை முடிவு வந்தபோது யசோதினி ஓடி வரவில்லை. நடந்து வந்து வானில் ஏறி உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னார். எந்த மரையும் நீந்தவில்லை. இந்தக் கரையில் நிறைய மரைகள், நிறையக் குடும்பங்கள். அந்தக் கரையில் இருப்பதோ ஒரு சின்னக் கூட்டம், அதுவும் ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தம். தண்ணீர் பிரித்துவிட்டது. அவர் தேடிய கேள்விக்குப் பதில் அதுதான்.

"எல்லாம் பங்காளிங்களா?" என்றார் சந்திரிகா அக்கா கவலையோடு.

"ஓம் அக்கா. அண்ணன் தங்கச்சி, பெரியப்பன் பிள்ளை, சித்தப்பன் பிள்ளை."

"அப்ப எப்புடிங்க கல்யாணம் முடிக்கும்?"

"மரைக்கு முறை தெரியாது."

"அதாங்க இந்தக் கதி." அக்கா சீட்டின் நுனிக்கு நகர்ந்தார். "மிஸ், அதுங்களுக்குத்தான் கொறைஞ்சிருக்கு. நான் என்னமோ அபீபாவுக்குக் கொறையுதுன்னு நெனச்சேன். இங்கேருந்து நல்ல மாப்பிள்ளையா ரெண்டு பேரப் புடிச்சி, யாருக்கும் தெரியாம அந்தக் கரைல விட்டா என்னா?"

யசோதினி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெளிநாடுகளில் மெலிந்துபோன கூட்டங்களுக்கு அதைத்தான் செய்கிறார்களாம். அவரும் தன் ஆய்வின் கடைசிப் பக்கத்தில் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறாராம். எனக்கு வயிறு எரிந்தது. அக்கா அள்ளிப் போட்டால் குளறுபடி, அனுமதி எடுத்து அள்ளிப் போட்டால் விஞ்ஞானம்.

பட்டம் கொடுப்பதற்கு முன் யசோதினியைக் கேள்வி கேட்கிற நாளில் நாங்கள் மூவரும் பின்வரிசைக் கதிரைகளில் உட்கார்ந்திருந்தோம். எல்லாம் ஆங்கிலம். திரையில் நீலக் கட்டமும் சிவப்புக் கட்டமும் தனித்தனியாக நின்றன. நீலம் பெரிது, சிவப்பு ஒரு விரலளவு. கொழும்பிலிருந்து வந்த பரீட்சகர் ஒருவர், சிரிப்பே தெரியாத மனிதர், அந்தச் சிவப்பைக் காட்டிக் காட்டிக் கேள்வி கேட்டார். மாதிரிகள் ஏன் இவ்வளவு குறைவு என்பதுதான் கேள்வி என்று எனக்கே விளங்கியது. யசோதினி எங்கள் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்திப் பதில் சொன்னார். பக்கத்தில் சந்திரிகா அக்கா கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எங்களை வெளியே கதிரைகளில் உட்காரவைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே பேசினார்கள். பிறகு பேராசிரியை வெளியே வந்து யசோதினியின் தோளில் கை வைத்தார். அந்தப் பிள்ளை எங்களைத் தேடி வந்தது.

"என்னாச்சு மிஸ்?" என்றார் அக்கா. "முழுப்பேரா, அரைப்பேரா?"

"முழுப்பேர், அக்கா."

அக்கா அப்போதுதான் கையை வெளியே எடுத்தார். எடுத்த கையால் யசோதினியின் முகத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் சொடுக்கினார். அபீபா அழுதார். நான் அழவில்லை, கண்ணில் தூசி இருந்தது.

பிறகு எல்லாருக்கும் தேநீரும், மீன் அடைத்துப் பொரித்த பெட்டிஸும் கொடுத்தார்கள். எனக்கு இரண்டு பெட்டிஸ். ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு மற்றதைக் கடைசியில் சாப்பிடலாம் என்று ஓரமாக வைத்தேன். யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பினேன். திரும்பி வந்து பார்த்தால் என் தட்டு காலி. அந்தக் கொழும்புப் பரீட்சகர், தன் தட்டில் எப்படி இன்னொரு பெட்டிஸ் வந்தது என்று விளங்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்கு ஒன்னுதாங்க வச்சிருந்தாங்க," என்றார் சந்திரிகா அக்கா.